பேச்சு வார்த்தை இல்லாத ஷெட்

கடிகாரத்துக்குள் வைக்கிற சிப்பை விற்கும் பம்பாய்க் கம்பெனிக்கு, அந்தச் சிப்பைச் செய்ய ஓர் இடமே கிடையாது என்று ஜானகிராமன் சார் சொன்னபோது, ஏதோ ஏமாற்று வேலையில் வந்து மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப அவங்ககிட்ட என்னாதான் சார் இருக்குது?"

"மேசை, நாற்காலி, டெலிபோன். படம் போடறதுக்கு நாலு படிச்ச ஆளுங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. படத்த அவங்க போடுவாங்க. அந்தப் படத்தப் பாத்து வெளிநாட்டுல ஒருத்தன் சிப்பு செஞ்சி அனுப்புவான். அதுக்குக் கம்பி ஒட்டி, கால் வச்சி, கறுப்பு பிளாஸ்டிக்குல சட்ட மாட்டி அனுப்பறது நாம. மேல அடிக்கிற பேரு மட்டும் அவங்களோடது."

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் வரை எனக்கு இது செரிக்கவே இல்லை. ஒருத்தன் நினைக்கிறான், ஒருத்தன் செய்கிறான், ஒருத்தி ஒட்டுகிறாள், பேர் மட்டும் நினைத்தவனுக்கு. பிறகு ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது. சாம்பார் வைத்தவர் பெயரையா பத்திரிகையில் போடுகிறார்கள்? பெண்ணின் அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள். சமையல்காரர் அதற்காக அழுகிறாரா என்ன? நாளைக்கு அவருக்கு வேறு கல்யாணம் இருக்கிறது. இந்த வீட்டுக்காரனும் அந்த வீட்டுக்காரனும் வெட்டிக்கொண்டு நின்றாலும் இரண்டு வீட்டுக்கும் அவர்தான் சமைப்பார். அவர் பிழைப்பே அதில்தான்.

எங்கள் ஷெட் தட்டாஞ்சாவடி எஸ்டேட்டில், தகர டப்பா செய்யும் பட்டறைக்கும் லேத் பட்டறைக்கும் நடுவில் இருந்தது. ஜானகிராமன் சாரின் மாமனார் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அவருடைய பிரெஞ்சு பென்ஷனில் எழுந்த ஷெட் அது. சார் டிப்ளமோ படித்துவிட்டு பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அங்கே மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தவர்.

நாங்கள் செய்தது கண்ணுக்கு வேலை. மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டு, வெளிநாட்டிலிருந்து வருகிற, எள்ளைவிடச் சின்னச் சில்லில் தங்கக் கம்பியை வைத்து, மிஷினை அழுத்தி ஒட்ட வேண்டும். எவ்வளவு மெல்லிய கம்பி என்று தெரிந்துகொள்ள முதல் நாளே என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முடி தாம்புக்கயிறு மாதிரி தெரிந்தது. பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, தலைக்குத் துணிக் குல்லாய் மாட்ட வேண்டும் என்று சார் சட்டம் போட்டிருந்தார். பூ இல்லாமல் வெளியே போவதா என்று முதலில் எங்களுக்குப் பொறுக்கவில்லை. சம்பளம் கைக்கு வந்ததும் பொறுத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் இராமதாஸ் வேலை பார்த்த மில் அப்போது பாதி நாள் மூடியும் பாதி நாள் திறந்தும் கிடந்தது. வீட்டில் உலை வைத்தது என் சம்பளம்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷெட்டின் நடுவே பலகை அடித்து இரண்டு அறையாக்கியிருந்தார் சார். இடது அறை பம்பாய்க் கம்பெனிக்கு. வலது அறை பெங்களூர்க் கம்பெனிக்கு. இரண்டுமே கடிகாரச் சிப்தான், இரண்டு கம்பெனிக்கும் ஏழாம் பொருத்தம். ஒருவர் சரக்கு இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பது பேச்சு. அதனால் இரண்டு அறைக்கும் தனித் தனி வாசல், தனித் தனித் தண்ணீர்ப் பானை, தனித் தனிச் சாப்பாட்டு நேரம். ஆனால் பலகைக்குக் காது உண்டு, பெண்களுக்கு வாயும் உண்டு. எல்லாரும் ஒரே டெம்போவில்தான் வீட்டுக்குப் போகிறோம். ஒரு அறையில் நடப்பது மறு அறைக்குப் போகாது என்று சார் எப்படி அவ்வளவு தைரியமாக இரண்டு கம்பெனிக்கும் வாக்குக் கொடுத்தார் என்று நான் யோசித்ததே இல்லை. நல்ல கண் உள்ளவர்களாகப் பார்த்துத்தான் ஆள் எடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலது அறையில் அமிர்தவல்லி இருந்தாள். அவள் என் தம்பி கோவிந்தராசுவின் பெண்டாட்டி. அவளோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். தம்பி கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சுப் போட்டவள் நான். விளக்குப் பிடித்தவள் நான். பந்திக்கு ஓடி ஓடி இலை போட்டவளும் நான்தான். கடைசியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் பெண் வீட்டார் எல்லாரையும் நிற்க வைத்துக் குடும்பப் படம் எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தால் போட்டோக்காரர் கறுப்புத் துணியை மடித்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் இல்லாமல் என்ன குடும்பப் படம்? நான் ஒரு வார்த்தை கேட்டேன். அமிர்தவல்லியின் அம்மா, "ஒரு படத்துக்கா இந்த ஆட்டம்?" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எங்கள் ரெட்டியார்பாளையத்துச் சனம் ஒரு பக்கம், அவர்கள் முதலியார்பேட்டைச் சனம் ஒரு பக்கம் என்று ஆகிப்போனது. தம்பி மாமியார் வீட்டுப் பக்கமே குடி போனான். அதற்கப்புறம் நாள் கிழமைக்குக்கூட ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்கவில்லை. டெம்போவில் எதிரெதிரே உட்கார்ந்தால் நான் ரோட்டைப் பார்ப்பேன், அவள் தன் கால் விரலைப் பார்ப்பாள். தப்பு அவர்கள் பக்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததும் சார் ஒரு நல்ல காரியம் செய்தார். எஸ்டேட்டில் கடை கடையாகச் சாம்பிராணி போடும் அம்மாவாசை என்பவரை வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் ஷெட்டுக்கும் வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லாத தொழில் என்ன தொழில்? அம்மாவாசை உள்ளே வர மாட்டார். காலையில் கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று, தூபக்கால் நிறையப் புகை எழுப்பி, மயில் விசிறியால் உள்ளே தள்ளிவிடுவார். நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்ததும் ஏசிக்காகக் கதவை மூடிவிடுவோம். அறை கோயில் மாதிரி மணக்கும்.

கொஞ்ச நாளில் கம்பி ஒட்டாமல் போக ஆரம்பித்தது.

ஒட்டியது போலத்தான் இருக்கும். மறுநாள் சோதிக்கும்போது சின்னக் கொக்கி போட்டு இழுத்தால் கம்பி கையோடு வந்துவிடும். முதலில் ஒன்றிரண்டு. பிறகு தட்டுத் தட்டாக. சார் மிஷின் சூட்டைக் கூட்டினார், குறைத்தார். கம்பியை மாற்றினார். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று பெட்டி ஒன்று வாங்கி வைத்தார். ஒரு நாள் கோபத்தில், "அந்தப் பக்கம் எல்லாம் நல்லா ஒட்..." என்று ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

அது போதாதா எங்களுக்கு? என் பக்கத்து மிஷின் கொளஞ்சி என்னை இடித்தாள்.

"கேட்டியா? அந்தப் பக்கம் ஒட்டுதாம். நம்ம பக்கம் மட்டும் ஒட்டலயாம். தெனம் டெம்போவுல எதிர்ல உக்காந்துகினு உன்னப் பாக்கறாளே உன் தம்பி பொண்டாட்டி, சும்மாவா பாக்கறா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுடி."

எனக்கும் அது சரியென்றே பட்டது. அம்மாவாசையைச் செவ்வாய்க்கிழமையும் வரச் சொன்னோம். அப்போதும் ஒட்டவில்லை. கண்ணடி பலமாக இருக்கிறது என்று தினமும் வரச் சொன்னோம். சார் பேங்க்கு, கூரியர் என்று சுற்றிவிட்டுப் பத்து மணிக்கு மேல்தான் வருவார். அதற்குள் புகை அடங்கி வாசனை மட்டும்தான் மிச்சம் இருக்கும். அவருக்கும் அந்த வாசனை பிடிக்கும். மூச்சை இழுத்து, "மணமா இருக்குது" என்பார். தினமும் புகை போட ஆரம்பித்த பிறகு தினமும் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்தது. கொளஞ்சி எலுமிச்சம்பழத்துக்குப் போனாள்.

கடைசியில் பம்பாயிலிருந்து டெலிபோன் வந்தது. அடுத்த முறையும் இப்படி வந்தால் சில்லையெல்லாம் திருப்பி அனுப்பிவிடுங்கள், வேறு ஊர் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். சார் எங்கள் அறைக்கு வந்து யாரையும் திட்டாமல் நின்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"இந்த ரூமு நின்னுபோச்சின்னா உங்க யாருக்கும் வேற வேல குடுக்க என்னால ஆவாதும்மா. அந்த ரூமுல எடம் இல்ல" என்றார்.

அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. மில்லும் இல்லை, இதுவும் இல்லை என்றால் என்ன செய்வது? வீட்டுக்காரரிடம் சொல்லவும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை எல்லாருக்கும் முந்தி வந்து அம்மாவாசைக்காகக் காத்திருந்தேன். வந்ததும், "இன்னிக்கு நல்லாப் போடுண்ணா. ரெண்டு பங்கு போடு" என்றேன்.

"போடறேன் தங்கச்சி. அந்த ரூமு பங்கும் சேத்து உங்களுக்கே போடறேன். அவுங்கதான் வாணாம்னுட்டாங்களே."

"வாணாம்னாங்களா? யாரு?"

"உன் தம்பி சம்சாரந்தான். முழுவாம இருக்குதே. புகைய மோந்தாலே கொமட்டுதாம். வாந்தி எடுத்துகினு வாசல்லயே உக்காந்துடுச்சி பாவம். அதுலேருந்து அந்தப் பக்கம் நான் போறதே இல்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. என் தம்பிக்கு இத்தனை வருஷம் கழித்துக் குழந்தை உண்டாகியிருக்கிறது, அது சாம்பிராணிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. முதலில் வந்தது கோபம்தான். அத்தைக்காரிக்குச் சொல்ல ஒரு வாய் இல்லையா இவர்களுக்கு? அடுத்த நிமிஷமே கண் நிறைந்துவிட்டது. புகையால் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அம்மாவாசை இன்னும் தூபக்காலில் பொடியே தூவவில்லை.

அப்புறம்தான் அவர் சொன்னதன் மறு பாதி உறைத்தது. அந்தப் பக்கம் புகை இல்லை. அந்தப் பக்கம் ஒட்டுகிறது.

"அண்ணா, இன்னிக்கு நீ போடாத. போ" என்றேன். அவர் குழம்பிப்போய் விசிறியை இடுக்கிக்கொண்டு போனார்.

நான் நேராக வலது வாசலுக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த வாசலில் நான் கால் வைத்ததில்லை. சாருக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது, என் ரோஷமும் இருக்கிறது. கதவு திறந்திருந்தது. அமிர்தவல்லி தனியாக உட்கார்ந்து துணிக் குல்லாயை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அவர்கள் சிப்பின் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. வேண்டுமென்று பார்க்கவில்லை. ஆனால் இந்த வேலை செய்கிற கண்ணுக்குப் படத்தைப் பார்த்ததும் கம்பியை எண்ணாமல் இருக்கத் தெரியாது. எண்ணிவிட்டது. உடனே திரும்பிக் கதவு நிலையைப் பார்த்து நின்றேன்.

"எத்தனாவது மாசம்?" என்று கதவு நிலையிடம் கேட்டேன்.

அவள் எழுந்தேவிட்டாள். பிறகு, "நாலு முடியுது அண்ணி" என்றாள்.

அண்ணி என்ற அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! இருந்த ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"எனக்குச் சொல்லணும்னு தோணலயா உங்களுக்கு?"

"அவரு தெனம் கிளம்புவாரு அண்ணி, உங்க வீட்டுக்கு. தெருமுனை வரைக்கும் வந்துட்டு, நீங்க தொரத்திடுவீங்கன்னு திரும்பிடுவாரு."

துரத்தியிருப்பேன்தான். அதனால் அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

"அமிர்தம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க என்னா செய்றீங்க, எப்பிடி செய்றீங்கன்னு கேக்கல. ஒட்டுதான்னு மட்டும் சொல்லு."

அவள் பலகையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். சொல்லலாமா கூடாதா என்று தவிப்பது தெரிந்தது.

"ஒட்டுது அண்ணி. நடுவுல எங்களுக்கும் புடுங்கிகினுதான் வந்துது. அப்பறம் சரியாப்பூடுச்சி."

"எப்பலேருந்து?"

கொஞ்சம் யோசித்தவள் அப்படியே மூக்கில் விரலை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ... நான் வாந்தி எடுத்ததுலேருந்து!"

இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து ஜானகிராமன் சார், அதிசயமாகச் சீக்கிரம் வந்தவர், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பினார். எங்களைப் பார்த்ததும் பேயைக் கண்டவர் போல நின்றுவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும்... பேசிக்கிறீங்களா?"

"ஆமா சார். புகைதான் சார் காரணம்."

"எந்தப் புகை? அத வுடும்மா. எப்பலேருந்து பேசறீங்க?"

அவருக்குக் கம்பி ஒட்டாதது மறந்தேபோய்விட்டது. நான் விடாமல் புகை விஷயத்தைச் சொல்லி முடித்தேன். பாதி கேட்கும்போதே அவர் முகம் மாறியது. நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

"சாம்பிராணின்னா பிசின்தான! புகையாப் போயி சில்லு மேல படிஞ்சா மெழுவு பூசினாப்பல ஆயிடும். அதும் மேல தங்கம் எப்பிடி ஒட்டும்? பூ வாணாம், பவுடர் வாணாம்னு சட்டம் போட்டுட்டு, பிசின நானே ஆள் வச்சிப் போட்டிருக்கறேனே!"

அன்றைக்கே சோதித்தார். ஒரு தட்டுச் சில்லைப் புகையில் காட்டி ஒட்டச் சொன்னார். இன்னொரு தட்டை மூடி வைத்திருந்து, அறையைத் துடைத்துக் கழுவிய பிறகு ஒட்டச் சொன்னார். கொக்கி போட்டபோது முதல் தட்டுக் கம்பி வழக்கம் போலக் கையோடு வந்தது. இரண்டாவது தட்டில் கம்பியே அறுந்தது, ஒட்டு விடவில்லை. கொளஞ்சி என்னைக் கட்டிக்கொண்டாள். கண்ணடி, கல்லடி என்று பேசியதைப் பற்றி அவளும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

சாருக்கு மட்டும் முழுச் சந்தோஷம் இல்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"வேல நல்லபடியா நடக்கும்மா, சந்தோஷம். ஆனா நீங்க ரெண்டு பக்கமும் பேசிக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் நான் ரெண்டு கம்பெனிக்கும் வாக்கு குடுத்திருக்கறேன்."

"நாங்க பேச மாட்டோம்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? உன் தம்பி கல்யாணத்துல ரெண்டாவது பந்தியில நான் உக்காந்திருந்தேன். அந்தப் போட்டோ சண்டைய மொத்தமாப் பாத்தவன் நான். அதனாலதான் இந்த ரூமுக்கு உங்க ரெட்டியார்பாளையத்து ஆளுங்க, அந்த ரூமுக்கு அவுங்க முதலியார்பேட்டை ஆளுங்கன்னு எடுத்தேன். ஆயிரம் பலகை அடிச்சாலும் அந்த மாதிரி சுவரு கெடைக்குமா?"

எனக்கு வந்த கோபத்தில் குல்லாயைக் கழற்றி அவர் மேசையில் போட்டேன். என் கண்ணுக்காக இல்லை, என் சண்டைக்காக வேலை கொடுத்திருக்கிறார்!

"ஊரு ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சும்மாவா சொன்னாங்க? அந்தச் சுவருதான் சார் இன்னிக்கு உங்க ரூம மூட இருந்துது. அந்தப் பக்கம் புகைய நிறுத்தினதும் சரியாப்பூடுச்சின்னு எங்க காதுல ஒரு வார்த்த வுழுந்திருந்தா இத்தினி தட்டு வீணாப் போயிருக்குமா? எப்பிடி ஒட்டணுங்கறது நம்ம கை வேல. அது அந்த ரூமுக்கும் பொது, இந்த ரூமுக்கும் பொது. என்னா சிப்பு, எத்தன கம்பிங்கறது அவுங்க அவுங்க சரக்கு. இதுல எதப் பேசலாம் எதப் பேசக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

அவர் குல்லாயை எடுத்துத் தட்டி என்னிடமே நீட்டினார். "கண்ணும் நல்ல கண்ணுதாம்மா. அதையும் பாத்துதான் எடுத்தேன்" என்றார். அது மனசாரச் சொன்னதா, சமாளிக்கச் சொன்னதா, தெரியாது. நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அனுப்பிய சரக்கு பம்பாயில் நன்றாகவே தேறியது. அந்தக் கம்பெனியின் சேஷாத்ரி நேரில் பார்க்க வந்தார். பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். நல்ல மனிதர், கூர்மையான மனிதர். அவர் வந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? சைக்கிள் ஸ்டாண்டில் அமிர்தவல்லிக்குப் புளிச்சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தைச் சார் அதற்குள் ஒன்றாக்கிவிட்டிருந்தார். எங்களைப் பார்த்த சேஷாத்ரியின் புருவம் ஏறியது. சார் டெலிபோனுக்காக உள்ளே போன சமயம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த ரூம்ல இருக்கறவங்க உங்களுக்குச் சொந்தமாமே?"

"ஆமாங்க. என் தம்பி சம்சாரம்."

"நல்லது. சும்மாத்தான் கேக்கறேன். அவங்க சிப்புக்கு எத்தனை கம்பி போடறாங்க? நம்மளோடதைவிடக் கம்மியா?"

கம்பி குறைந்தால் செலவு குறையும், விலை குறையும். அது எனக்கே தெரியும். அவர் இன்னும் குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னீங்கன்னா இந்த வருஷம் முழுக்க உங்க ரூமுக்கு வேலை நிச்சயம். நான் பொறுப்பு."

வருஷம் முழுக்க வேலை. வீட்டில் இராமதாஸ் மில் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பது கண் முன்னால் வந்தது. விடை என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஓர் எண். அந்த எண்ணை நான் இன்றைக்கும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

"ஐயா, நாளைக்கு பெங்களூர்க்காரரு வந்து, உங்களோடதுக்கு எத்தன கம்பின்னு என் தம்பி சம்சாரத்தக் கேக்கறாருன்னு வச்சிக்குங்க. அவ என்னா பதில் சொல்லணும்னு நீங்க சொல்லுங்க. அதையே நான் உங்களுக்குச் சொல்லிடறேன்."

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி ஆபீசுக்குள் போய்விட்டார்.

போச்சு என்று நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதே நினைப்பில் அன்று மத்தியானம் ஒரு கம்பிகூட நேராக வைக்கவில்லை. சேஷாத்ரியின் வாடகைக் கார் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சார் அறைக்குள் வந்தார்.

"கமலவேணி, அவருகிட்ட என்னாம்மா சொன்ன?"

"என்னா சார் சொன்னாரு?"

"டெலிபோனுக்குப் புதுசா ஒரு சிப்பு படம் போட்டிருக்காங்களாம். இன்னும் வெளிய யாருக்குமே தெரியாதாம். அதையும் நம்மகிட்டதான் குடுக்கப் போறாராம். இந்த எடத்துல குடுத்தா பயமில்லன்னு எனக்கே சொல்லிட்டுப் போறாரு."

நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது.

பலகை அப்படியே இருந்தது. அதை எடுக்கலாமா என்று சார் கேட்டபோது நான்தான் வேண்டாம் என்றேன். பலகை வேலையைப் பலகை செய்யட்டும், எங்கள் வேலையை நாங்கள் செய்கிறோம். அம்மாவாசை இப்போது கேட்டுக்கு வெளியே நின்று ரோட்டைப் பார்த்துச் சாம்பிராணி போட்டுவிட்டுப் போகிறார். சாருக்கு அதையும் நிறுத்த மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு ஒரு நாள் ஓடி வந்தார். தைவான் தேசத்தில் பெரிதாக ஒரு கம்பெனி ஆரம்பிக்கிறார்களாம். சொந்தமாக ஒரு சரக்கும் கிடையாதாம், அடுத்தவர்களுக்குச் சிப் செய்து கொடுப்பது மட்டும்தான் வேலையாம்.

"உலகத்துலயே புது யோசனையாம்மா இது!" என்று சிரித்தார்.

"தட்டாஞ்சாவடிக்கு வந்து பாக்கச் சொல்லுங்க சார்" என்றாள் கொளஞ்சி.

அமிர்தவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதற்கு முதலியார்பேட்டை வீட்டில் கூடியிருந்தோம். எங்கள் வழக்கத்தில் அத்தைதான் குழந்தையின் காதில் முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவரை யாருக்கும் சொல்லக் கூடாது. அமிர்தவல்லியின் அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுக்கிற சாக்கில், "எங்கிட்ட மட்டும் சொல்லேன், என்னா பேரு?" என்று கேட்டுப் பார்த்தாள். அன்று, ஒரு படத்துக்கா இந்த ஆட்டம் என்று கேட்ட அதே வாய்தான்.

"பம்பாய்க்காரருக்கே சொல்லாதவ நானு, அத்த" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. தூளியருகே நின்ற அமிர்தவல்லிக்குப் புரிந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குனிந்து, அந்தச் சின்னக் காதில் மூன்று முறை சொன்னேன். பார்வதி, எங்கள் அம்மாவின் பெயர். எத்தனையோ ஆயிரம் சிப்புக்குச் சட்டை மாட்டி, மேலே யார் யார் பெயரோ வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தவள் நான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் சொல்லி ஒன்றுக்குப் பெயர் வந்தது அன்றைக்குத்தான். தம்பி கோவிந்தராசு என் பக்கத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டதும் நான்தான், கடைசியில் சாப்பிட்டதும் நான்தான். பழக்கத்தை மாற்ற முடியுமா? கை கழுவக் கொல்லைப்புறம் போனபோது கூடத்தில் போட்டோக்காரரின் குரல் கேட்டது. எல்லாரும் நெருக்கமாக நில்லுங்கள், குழந்தையை நடுவில் பிடியுங்கள், ரெடி என்றார். என் கை சொம்புத் தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டது. ஓடுவதா, வீம்பாக இங்கேயே நிற்பதா என்று தெரியவில்லை.

"இருங்கண்ணா" என்றது அமிர்தவல்லியின் குரல். "எங்க அண்ணி கை கழுவப் போயிருக்காங்க."

நான் ஈரக் கையோடுதான் போய் நின்றேன். படத்தில் பார்த்தால் தெரியும்.